பிரிட்டோரியாவுக்கு வந்த பெண்கள்

பிரிட்டோரியாவின் நடுப்பகுதியில் ஹெலன் ஜோசப் தெருவும் லிலியன் என்கோயி தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு சதுக்கம் இருக்கிறது. முன்பு அதன் பெயர் ஸ்ட்ரைடம் சதுக்கம். நிறவெறி ஆட்சியின் பிரதமர்களில் ஒருவரான ஸ்ட்ரைடமின் பிரம்மாண்டமான தலைச்சிலை, காங்கிரீட் கவிகையின் கீழே இங்கே நின்றது. 2001 மே 31 அன்று கவிகை தானாகவே இடிந்து, சிலை தரைக்கடியில் இருந்த வண்டி நிறுத்துமிடத்துக்குள் விழுந்துவிட்டது. ஸ்ட்ரைடம் கனவு கண்ட வெள்ளையர் குடியரசு பிறந்து சரியாக 40 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. இப்போது அந்த இடத்துக்கு லிலியன் என்கோயி சதுக்கம் என்று பெயர்.

என்கோயி இதே பிரிட்டோரியாவில் 1911இல் பிறந்தவர். ஜோகன்னஸ்பர்க்கின் துணி ஆலையில் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து குடும்பத்தைக் காப்பாற்றிய தொழிலாளி. ஹெலன் ஜோசப் இங்கிலாந்தில் பிறந்த வெள்ளைக்காரர். நம் ஹைதராபாத்தில் சில ஆண்டுகள் ஆசிரியையாக இருந்துவிட்டுத் தென்னாப்பிரிக்கா வந்து, ஆடைத் தொழிலாளர்களின் மருத்துவ உதவிச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நிறச் சட்டங்களின்படி இவர்கள் இருவரும் ஒரே பேருந்தில் உட்கார முடியாது. ஒரே தபால் நிலைய ஜன்னலில் நிற்கவும் முடியாது. இன்று ஊரின் நெரிசலான முனை ஒன்றில் அவர்களுடைய பெயர்ப் பலகைகள் ஒரே கம்பத்தடியில் நிற்கின்றன. அடுத்தடுத்த தெருக்களில் நடந்தால் ஃபிரான்சஸ் பார்ட் பெயர் வருகிறது, சோஃபி டி புரூயின் பெயர் வருகிறது. எல்லோரும் 1956 ஆகஸ்ட் 9ஆம் தேதியைச் சேர்ந்தவர்கள்.

நான் அந்த ஊருக்குப் போனதே அந்தத் தேதிக்காகத்தான். நம் ஊர்க் கட்சி மாநாடுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். முன்வரிசையில் ஒரே நிறப் புடவையில் மகளிர் அணி உட்கார்ந்திருக்கும். தலைவர் வரும்போது ஆரத்தி எடுக்கும். தேர்தல் வந்தால் வீடு வீடாக ஏறி இறங்கும். வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் மட்டும் அந்தப் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கட்சிக்குள் பெண்களுக்கென்று தனி அமைப்பு இருப்பதால் பெண்கள் அதிகாரத்துக்கு நெருங்கிப் போகிறார்களா, அல்லது அதைக் காட்டியே வாசலில் நிறுத்தப்படுகிறார்களா என்ற கேள்வி எனக்குள் வெகுநாளாக இருந்தது. இந்தக் கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்து பார்த்த அமைப்பு, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் மகளிர் லீக்.

சதுக்கத்திலிருந்து கிழக்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் தரை ஏறத் தொடங்குகிறது. மேட்டின் மேல் யூனியன் கட்டடம். ஹெர்பர்ட் பேக்கர் வரைந்தது, 1913இல் முடிந்தது. மணற்கல்லால் ஆன இரண்டு நீண்ட சிறகுகள், நடுவில் அரைவட்டமாக ஒரு திறந்த அரங்கு, அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் தோட்டங்கள். புல்வெளியில் ஒன்பது மீட்டர் உயர மண்டேலா கைகளை அகல விரித்து நிற்கிறார். கல்யாணக் கூட்டங்கள் அவர் காலடியில் படம் எடுத்துக்கொள்கின்றன. பார்வையாளர்கள் தோட்டம் வரைதான் போகலாம். 1956 ஆகஸ்ட் 9 அன்று பெண்கள் திரண்டு நின்ற அரங்கு மேலே, வேலிக்கு அப்பால் இருக்கிறது. அவர்களுக்காக 2000ஆம் ஆண்டு வைத்த நினைவுச் சின்னமும் மேலேதான். அது தானியம் அரைக்கும் கல். பெண்ணை அடித்தால் பாறையை அடிக்கிறாய் என்று அன்று ஸ்ட்ரைடமைப் பார்த்துப் பாடிய பாட்டின் நினைவாக, அடுக்களைக் கல்லையே சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

அன்று வியாழக்கிழமை. அந்த நாட்டின் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்த பெண்களுக்கு வாரத்தில் அரை நாள் ஓய்வு கிடைப்பது வியாழன்தான். தேவாலயங்களின் தாய்மார் சங்கங்கள் கூடுவதும் அன்றுதான். போராட்டத்துக்கு அந்தக் கிழமையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தங்கள் பெண்களின் வாரம் எப்படி ஓடும் என்று தெரிந்திருந்தது. ஊர்வலத்துக்கு அரசு தடை போட்டது. அதனால் ஊர்வலமாக வராமல் இரண்டு பேர், மூன்று பேராக நடந்து வந்தார்கள். முதுகில் துணியால் கட்டிய குழந்தைகளோடு வந்தார்கள். சிலர் தாங்கள் வளர்க்கும் வெள்ளைக்காரக் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புடவை கட்டிய இந்தியப் பெண்கள் வந்தார்கள். போர்ட் எலிசபெத்திலிருந்து ஃபிரான்சஸ் பார்ட் உள்ளிட்ட ஒரு கூட்டம் ரயிலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தது. இப்படித் துளித்துளியாகச் சேர்ந்து, மேட்டின் மேல் ஏறத்தாழ 20,000 பேர் ஆனார்கள்.

காரணம் ஒரு சிறிய புத்தகம். கறுப்பின ஆண்கள் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸை, பெண்களும் வைத்திருக்க வேண்டும் என்று 1952ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1956இல் சிற்றூர்களில் கொடுக்கத் தொடங்கினார்கள். பாஸ் இல்லாமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே கைது. கடைக்குப் போன ஆண் அன்றிரவு வீடு திரும்பாத கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தன. கடைக்குப் போன தாய் திரும்பவில்லை என்றால் வீட்டில் தனியாகக் கிடக்கும் கைக்குழந்தை என்ன ஆகும்? ஆயிரக்கணக்கான மனுக்களில் அவர்கள் எழுதிக் கேட்டது இதைத்தான். என்கோயி, ஜோசப், ரஹிமா மூசா, பின்னாளில் சோஃபி டி புரூயின் ஆன சோஃபியா வில்லியம்ஸ் ஆகிய நால்வரும் கட்டுக் கட்டாக மனுக்களைத் தூக்கிக்கொண்டு பிரதமர் அலுவலகத்துக்குப் போனார்கள். ஸ்ட்ரைடம் அங்கே இல்லை. மனுக்களை வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். பிறகு அத்தனை பெண்களும் அரை மணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள். சோஃபியாவுக்கு அப்போது 18 வயது. ரஹிமா மூசா பிள்ளைத்தாய்ச்சி.

இதை நடத்தியது 1954இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கப்பட்ட தென்னாப்பிரிக்கப் பெண்கள் கூட்டமைப்பு. அதன் முதுகெலும்பு மகளிர் லீக். என்கோயி லீகில் சேர்ந்தது 1952இல்தான். வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய தபால் நிலையப் பகுதிக்குள் நுழைந்து கைதானவர். ஓரிரு ஆண்டுகளில் லீகின் தலைவர் ஆகிவிட்டார். 1956 இறுதியில் கட்சியின் தேசிய செயற்குழுவுக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவர்தான். கட்சி தோன்றி அப்போது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த 44 ஆண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1912இல் புளூம்ஃபான்டைனில் கட்சி பிறந்தபோது பெண்கள் துணை உறுப்பினர்கள் மட்டுமே. அவர்களுக்கு வாக்கு இல்லை. மாநாட்டுக்கு வரும் பிரதிநிதிகளுக்குத் தங்குமிடமும் உபசரிப்பும் செய்வது அவர்கள் கடமை என்று கட்சி விதியே சொன்னது. அடுத்த ஆண்டே அதே ஊரின் பெண்கள் பாஸைக் கொடுத்தபோது வாங்க மறுத்துச் சிறைக்குப் போனார்கள். உபசரிக்கச் சொன்னவர்களைக் கேட்டுக்கொண்டு அவர்கள் போகவில்லை. அந்தப் பெண்களின் உறுதியிலிருந்துதான் 1918இல் சார்லட் மெக்சேக்கி தலைமையில், இன்றைய லீகின் முன்னோடியான பான்டு மகளிர் லீக் எழுந்தது. அமெரிக்காவில் அறிவியல் பட்டம் படித்துத் திரும்பிய முதல் கறுப்பினத் தென்னாப்பிரிக்கப் பெண் மெக்சேக்கி. பெண்களைக் கட்சி முழு உறுப்பினர்களாக ஏற்க 1943 வரை ஆயிற்று. அமைப்புக்கு முன்னால் போராட்டம் வந்தது. அதுவும் கட்சிக்கு வெளியே தொடங்கியது. நான் பார்த்த வரையில் உயிரோடு இருக்கும் மகளிர் அணிகள் எல்லாவற்றுக்கும் பிறப்பு இப்படித்தான் இருந்திருக்கிறது. மேலிருந்து நியமித்து உண்டாக்கிய அணிகளின் கதை வேறு.

மேட்டிலிருந்து இறங்கி மீண்டும் சதுக்கத்துக்கு வந்தேன். பெண்களுக்கான புதிய நினைவகத்தை இங்கேதான் கட்டியிருக்கிறார்கள். நான்கு தலைவிகளும் வெண்கலத்தில் நடந்து வருகிறார்கள். அணிவகுப்பின் 60ஆம் ஆண்டு நிறைவில், 2016 ஆகஸ்ட் 9 அன்று, அன்றைய அதிபர் ஜேக்கப் ஜூமா திறந்துவைத்தார்.

அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னால், உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளை அறிவிக்கும் மண்டபத்தில் ஜூமா பேசிக்கொண்டிருந்தபோது, கறுப்பு உடை அணிந்த நான்கு இளம் பெண்கள் எழுந்து மேடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஆளுக்கொரு காகிதத்தைப் பிடித்திருந்தார்கள். ஒன்றில் க்வேசியை நினைவில் கொள்ளுங்கள் என்று இருந்தது. ஜூமா மீது 2005இல் பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்த பெண்ணுக்குப் பொதுவெளியில் வழங்கிய பெயர் க்வேசி. 2006 மே மாதம் நீதிமன்றம் ஜூமாவை விடுவித்தது. வழக்கு நடந்த நாட்களில் நீதிமன்ற வாசலில் அந்தப் பெண்ணின் படத்தைக் கொளுத்தினார்கள். பின்னர் அவர் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. நான்கு பெண்களும் ஒரு சொல்லும் பேசாமல், பேச்சு முடியும் வரை நின்றார்கள். முடிந்ததும் பாதுகாவலர்கள் அவர்களை இழுத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

1956ஆம் ஆண்டு மேட்டின் மேல் நின்ற மௌனத்தின் வாரிசுகள் யார் என்று என்னிடம் கேட்டால், அந்த நால்வரைத்தான் காட்டுவேன். அவர்கள் மகளிர் லீகைச் சேர்ந்தவர்கள் அல்லர். லீக் அப்போது ஜூமாவின் பக்கம் நின்றது. நீதிமன்றத் தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், 2007இல், கட்சித் தலைவர் பதவிக்கு அவரை லீக் முன்மொழிந்தது. அந்த டிசம்பரில் போலோக்வானே மாநாட்டில் அவர் வென்றார். அதே மாநாட்டில்தான் கட்சிப் பொறுப்புகளிலும் வேட்பாளர் பட்டியலிலும் பெண்களுக்குச் சரிபாதி என்ற விதியும் நிறைவேறியது. 2009 தேர்தலுக்குப் பிறகு நாடாளுமன்றத்தில் பெண்களின் பங்கு நூற்றுக்கு 40ஐத் தாண்டியது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாதி இடங்கள் கிடைத்தன. அதே கூட்டத்தில், ஒரு பெண் புகார் சொன்னால் அவள் பக்கம் நின்று கேட்கும் குரலை அமைப்பு இழந்தது. பாதி இடங்கள் முக்கியம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சதுக்கத்தில் வெண்கலப் பெண்களின் முன்னால் நின்றபோது, இழந்தது பெரிதாகத் தெரிந்தது.

பிரிட்டோரியாவிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பார்க் நிலையத்தில் இறங்கி மேடேறினால் கான்ஸ்டிடியூஷன் ஹில். பழைய சிறை வளாகத்தின் நடுவே, இடித்த சிறைக் கட்டடத்தின் செங்கற்களையே கொண்டு அரசியல் சாசன நீதிமன்றத்தைக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் பெண்கள் சிறை. நடுக்கூடம் வட்டமாக, உயரமாக, வெளிச்சமாக இருக்கிறது. பார்ப்பதற்கு அழகான கட்டடம். அந்த அழகு என்னைத் தொந்தரவு செய்தது. கறுப்பினப் பெண்களுக்கு இங்கே உள்ளாடையும் காலணியும் கிடையாது என்று கண்காட்சியில் எழுதியிருக்கிறது. இந்தச் சிறை வளாகத்தில் இன்று பாலினச் சமத்துவ ஆணையம் இயங்குகிறது. கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் அலுவலர் அந்தக் கூடத்தைக் கடந்து போவதைப் பார்த்தேன்.

1958 அக்டோபரில் இந்தச் சிறை நிரம்பி வழிந்தது. பாஸ் கொடுக்கும் அலுவலகத்தின் முன்னால் திரண்ட பெண்களை நாள்தோறும் வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். குழந்தைகளோடு உள்ளே வந்தவர்கள் உண்டு. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த வின்னி மண்டேலாவும் இதில் கைதானார். அதனால் பாரக்வநாத் மருத்துவமனையில் பார்த்துவந்த வேலை போயிற்று. ஜாமீன் வேண்டாம், அபராதமும் கட்ட வேண்டாம், சிறைகள் கொள்ளாமல் போகும் வரை உள்ளேயே இருப்போம் என்பது என்கோயி, ஹெலன் ஜோசப் போன்றோரின் திட்டம். கட்சித் தலைமையின் கருத்து வேறு. வழக்கறிஞராக இருந்த நெல்சன் மண்டேலா இதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உள்ளே இருக்கும் எல்லாப் பெண்களிடமும் கேளுங்கள், பலர் வீட்டுக்குப் போகத் தவிக்கிறார்கள் என்று என்கோயியிடம் சொன்னாராம். இரண்டு வாரம் இருந்துவிட்டு ஜாமீனில் வரலாம் என்று பேசி முடித்தார்கள். கட்சி பணம் திரட்டிப் பெண்களை வெளியே எடுத்தது.

யார் சொன்னது சரி? அந்தச் சிறையின் நடுக்கூடத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளின் தவிப்பு பொய்யில்லை. மண்டேலா அதைக் கேட்கச் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஆண்கள் சிறைக்குப் போனபோது அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றிக் கட்சி இப்படி வாக்கெடுத்ததா என்றும் கேட்கத் தோன்றுகிறது. 1952 ஒத்துழையாமைப் போராட்டத்தில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் ஜாமீன் வேண்டாம் என்று சிறைக்குப் போனார்கள். அது தியாகமாகப் போற்றப்பட்டது. பெண்களின் திட்டம் மட்டும் ஆய்வுக்கு உட்பட்டது. அந்த வாரங்களோடு பாஸ் எதிர்ப்பின் வேகம் தணிந்தது. பிறகு பெண்களும் பாஸ் வாங்க வேண்டியதாயிற்று. 1960இல் கட்சியோடு சேர்த்து லீகும் தடை செய்யப்பட்டது.

ஒரு மகளிர் அணியைப் பற்றி நான் கேட்க விரும்பும் கேள்வி இந்தச் சிறையில்தான் எனக்குத் தெளிவானது. பெண்களின் சொல்லை அது கட்சிக்குள் எடுத்துப் போகிறதா, கட்சியின் சொல்லைப் பெண்களிடம் எடுத்து வருகிறதா? இரண்டும் ஒரே ஆட்கள் செய்யும் வேலைதான். ஒரே கூட்டத்தில்கூட இரண்டும் நடக்கும். ஆனால் இரண்டும் மோதும் நாள் ஒன்று எப்படியும் வரும்.

அங்கிருந்து பிராம்ஃபான்டைன் இடுகாடு நடக்கும் தூரம்தான். தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை அங்கே இருக்கிறது. பழைய ஓங்கிய மரங்கள், ஐரோப்பியக் கல்லறைகள், அவற்றினூடே ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர். 1913இல் புளூம்ஃபான்டைன் பெண்கள் பாஸை மறுத்த அதே ஆண்டில், கிறித்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று பவுன் தலைவரியும் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தது. டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், எல்லையைத் தாண்டி நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாசிலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்குப் போய் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார்கள். தொழிலாளர்கள் கேட்டார்கள். பின்னால் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் முதல் பொறி அந்தப் பெண்களின் வாய்ச்சொல். இதே போராட்டத்தில் கைதாகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலோடு கிடந்து வெளியே வந்த வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அப்போது வயது 16.

நான் கல்லறையில் பூ வைத்தேன். ஆனால் எனக்கு அந்த இடத்தில் அதிகம் நினைவுக்கு வந்தது வள்ளியம்மையின் மரணம் அல்ல, அவரைப் போன்ற பெண்களின் பிந்தைய வாழ்க்கை. அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற தம்பி நாயுடுவின் மருமகள் மனோன்மணி நாயுடு, ஊரெல்லாம் அம்மா என்று அழைத்தவர், 1956இல் பிரிட்டோரியாவுக்குப் போன பெண்களில் ஒருவர். டோர்ன்ஃபான்டைனில் இருந்த அவர்கள் வீட்டுக்கு எந்நேரத்தில் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. அவர் மகள் சாந்தி 1969இல் கைதாகி, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து, 371 நாட்கள் காவலில் இருந்தார். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை. தம்பி நாயுடுவின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்த வீட்டில் ஆக்கிப்போட்டுக்கொண்டே சிறைக்கும் போய்வந்த பெண்களின் பெயரை, நான் கேட்டுப் பார்த்தவர்களில் சிலரால்தான் சொல்ல முடிந்தது.

சோவெட்டோவில் ஒர்லாண்டோவுக்குப் பக்கத்தில் ம்ஸிம்ஹ்லோபே. என்கோயி வாழ்ந்த செங்கல் வீடு அங்கே ஒரு வரிசையில் ஒன்றாக நிற்கிறது. 1955இல் கடவுச்சீட்டு இல்லாமலேயே சுவிட்சர்லாந்தின் லொசானில் நடந்த தாய்மார் மாநாட்டுக்குப் போய், மாஸ்கோவும் சீனமும் பார்த்துத் திரும்பியவர் அவர். 1962 முதல் இடையில் சில ஆண்டுகள் தவிர மற்ற காலமெல்லாம் தடை ஆணையின் கீழ் இந்த வீட்டைச் சுற்றியே வாழ்ந்தார். கூட்டத்தில் பேசக் கூடாது. அவர் சொன்னதைப் பத்திரிகைகள் அச்சிடக் கூடாது. அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்துக் காலம் தள்ளினார். 1980 மார்ச்சில், தடை முடியும் முன்பே இறந்தார்.

என்னை அழைத்துப் போன வழிகாட்டிப் பையன் அதே பகுதியில் வளர்ந்தவன். அடுத்த தெருவில் இருக்கும் தன் பாட்டியிடம் கூட்டிப்போனான். அங்கே பாட்டியை கோகோ என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர், ஓய்வு பெற்ற செவிலி. லீகின் பச்சை மேல்சட்டையும் கறுப்புப் பாவாடையும் இஸ்திரி போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கின. 1990 ஆகஸ்டில் டர்பனில் லீகை மீண்டும் தொடங்கிய காலத்திலிருந்து கிளையில் இருப்பவர்.

லீகின் தலைவர்கள் ஜூமாவின் பக்கம் நின்றதைப் பற்றி, எனக்கு இருந்த கோபத்தோடேயே கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நீங்கள் மேடையைப் பார்க்கிறீர்கள் மகளே. நான் கிளையைச் சொல்கிறேன். இந்தத் தெருவில் ஒருத்தியை அவள் புருஷன் அடித்தால் அவள் ராத்திரி பதினோரு மணிக்கு எங்கே வருவாள்? எங்களில் ஒருத்தி வீட்டுக்கு வருவாள். நாங்கள் நான்கு பேர் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளோடு ஸ்டேஷனுக்குப் போவோம். தனியாகப் போனால் போலீஸ்காரன் நாளைக்கு வா என்பான். இந்தச் சட்டையைப் பார்த்தால் எழுதிக்கொள்வான்."

"கட்சிக்குள் உங்கள் பேச்சு எடுபடுகிறதா கோகோ?"

"சாவு வீட்டுக்குச் சமைக்க எங்களைக் கூப்பிடுகிறார்கள். ஓட்டுக் கேட்கக் கூப்பிடுகிறார்கள். எதற்கு ஓட்டுக் கேட்கிறோம் என்று முடிவு செய்யும்போது கூப்பிடுவதில்லை. அதற்காக நான் சட்டையைக் கழற்றிவிட வேண்டுமா? 2017இல் ஒரு பெண் தலைவராக வரட்டும் என்று நாங்கள் கேட்டோம். 179 ஓட்டில் போயிற்று."

ஜோகன்னஸ்பர்க்கின் நாஸ்ரெக் மாநாட்டில் என்கோசாசானா டிலமினி ஜூமா, சிரில் ராமபோசாவிடம் தோற்றதைச் சொன்னார். டிலமினி ஜூமாவுக்கு, ஜேக்கப் ஜூமாவின் முன்னாள் மனைவி என்பதைத் தாண்டிப் பெரிய வரலாறு உண்டு. மருத்துவர், முதல் ஜனநாயக அமைச்சரவையில் சுகாதார அமைச்சர், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ஆணையத் தலைவராகவும் இருந்தவர். ஆனால் அந்த மாநாட்டில் அவரைத் தூக்கிப் பிடித்தவர்கள் எல்லோரும் பெண் தலைமைக்காகவே பிடித்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. கோகோ நம்பினார். தன் வாழ்நாளில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்காருவதைப் பார்க்க அவர் ஆசைப்பட்டதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் கோபத்தோடு உள்ளே போய், அந்தப் பச்சைச் சட்டையின் மீது மரியாதையோடு வெளியே வந்தேன். கோபமும் போய்விடவில்லை.

விமான நிலையம் இருக்கும் கெம்ப்டன் பார்க்கில், ஊர் திரும்பும் நாளில், இன்னொரு இடத்தைப் பார்த்தேன். எம்பரர்ஸ் பேலஸ் என்ற சூதாட்ட விடுதி. ரோமானியத் தூண்களும் செயற்கை வானமும் கொண்ட அந்தக் கட்டடம் இருக்கும் வளாகத்தில்தான் முன்பு உலக வர்த்தக மையம் இருந்தது. நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்த பேச்சுவார்த்தைகள் அங்கேதான் நடந்தன. 1993 ஜூனில் வெள்ளையர் தீவிரவாதிகள் கவச வண்டியால் கண்ணாடிச் சுவரை மோதி உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்ததும் அங்கேதான்.

மகளிர் லீகின் மிகச் சிறந்த நாட்கள் 1956க்குப் பிறகு இங்கே நடந்தவை என்பது என் எண்ணம். அவை ஒரு தோல்வியிலிருந்து தொடங்கின. 1991 ஜூலையில் டர்பன் மாநாட்டில், தேசிய செயற்குழுவில் பெண்களுக்கு நூற்றுக்கு 30 இடம் வேண்டும் என்று லீக் கேட்டது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு கோரிக்கை நிறைவேறாமல் போயிற்று. சொந்தக் கட்சியில் தோற்றவர்கள் கட்சிக்கு வெளியே கை நீட்டினார்கள். அடுத்த ஆண்டு உருவான தேசியப் பெண்கள் கூட்டணியில் லீகோடு, தங்களைச் சிறையில் போட்ட தேசியக் கட்சியின் பெண்களும் உட்கார்ந்தார்கள். இன்காத்தா கட்சிப் பெண்கள், தேவாலயப் பெண்கள், பண்ணைத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். வெளியே இந்தக் கட்சிகளின் ஆண்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஃப்ரீன் ஜின்வாலா கூட்டணியை ஒருங்கிணைத்தார். பின்னாளில் ஜனநாயக நாடாளுமன்றத்தின் முதல் சபாநாயகர் ஆனவர் அவர்தான்.

கூட்டணியின் அழுத்தத்தால், பேச்சுவார்த்தையில் ஒவ்வொரு கட்சியின் இரண்டு பிரதிநிதிகளில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பெரும்பாலும் ஆண்களே பேசிக்கொண்டிருந்த மேசையில் பாதி நாற்காலிகள் மாறின. அந்த நாற்காலிகளுக்கு உடனே வேலை வந்தது. மரபுவழித் தலைவர்கள், குலவழக்குச் சட்டத்துக்குச் சமத்துவ உரிமையிலிருந்து விலக்கு வேண்டும் என்றார்கள். கிராமத்துக் கறுப்பினப் பெண்ணுக்கு அந்த விலக்கின் பொருள் என்ன? கணவனின் பாதுகாப்பில் வாழ்நாள் முழுதும் மைனராக இருப்பது. சொத்தில் பங்கு இல்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லை. கட்சித் தலைவர்கள் பலருக்கு மரபுத் தலைவர்களின் வாக்குகள் வேண்டியிருந்தன. பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. குலவழக்கு, சமத்துவ உரிமைக்கு உட்பட்டது என்று ஆயிற்று. 1998இல் வந்த குலவழக்குத் திருமணச் சட்டம் அந்தப் பெண்களைச் சட்டத்தின் முன் முழு மனிதர்களாக்கியது. இது யாரும் தந்த இடஒதுக்கீடு அல்ல, மேசையில் உட்கார்ந்து பிடுங்கியது.

1994 தேர்தலில் கட்சிப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் முடிவு செய்தது. அந்த நாட்டில் அப்போது வாக்காளர்கள் கட்சிக்குத்தான் வாக்களித்தார்கள். வாங்கிய வாக்கின் அளவுக்குப் பட்டியலில் மேலிருந்து பெயர்கள் அவைக்குள் போயின. ஆகவே கட்சி மனம் வைத்தால் பெண்கள் போய்விடலாம். நூற்றுக்கு மூன்றுகூட இல்லாத பெண்களின் பங்கு, ஒரே தேர்தலில் 27 ஆக உயர்ந்தது. நம் தொகுதி முறையில் இவ்வளவு எளிதாக நடக்காது. ஆனால் பட்டியல் முறைக்கு ஒரு விலை உண்டு. பட்டியலில் பெயரை வைப்பதும் எடுப்பதும் கட்சித் தலைமையின் கை. உறுப்பினருக்குச் சொந்தத் தொகுதி இல்லை. போய் முறையிடச் சொந்த வாக்காளர்கள் இல்லை.

அந்தப் பெண்கள் கூட்டணியின் திட்டங்களை நடத்தியவர் பிரெக்ஸ் கோவேந்தர். டர்பனில் வளர்ந்தவர், பள்ளி ஆசிரியையாகவும் தொழிற்சங்கப் பணியாளராகவும் இருந்தவர். 1994இல் கட்சிப் பட்டியல் வழியாக நாடாளுமன்றத்துக்குப் போனார். பெண்களின் நிலை பற்றிய குழுவின் தலைவராக இருந்து, வரவு செலவுத் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு என்ன இருக்கிறது என்று வரிவரியாகக் கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். எச்ஐவி கிருமி தொற்றிய பெண்களை அழைத்து விசாரணை நடத்தினார். நோயைப் பற்றிய உண்மையை அன்றைய அதிபரே ஏற்க மறுத்துவந்த காலம் அது. அதே காலத்தில் அரசு கோடிக்கணக்கில் போர்க்கப்பல்களும் போர் விமானங்களும் வாங்கியது. மருந்துக்குப் பணம் இல்லை என்று சொன்ன அதே அரசு. 2001இல் பாதுகாப்புத் துறை மானியக் கோரிக்கை வாக்குக்கு வந்தது. ஆளுங்கட்சி வரிசையில் பெண்கள் நிறைய இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல். ஆயுதக் கொள்முதலுக்கு எதிர்ப்பைப் பதிவு செய்தவர் கோவேந்தர் ஒருவர். 2002இல் பதவியை விட்டு வெளியே வந்தார்.